கோட்டை வாசலில் நின்றுபோகும் அப்பா

ஜூன் 2, ஞாயிறு

இன்றும் கோட்டை வாசலில் நின்றுபோனேன்.

போன மாதம் இந்த விளையாட்டில் புதிதாக ஒரு கோட்டையைச் சேர்த்தார்கள். மழை, புகை, காற்றில் ஆடும் புல், கொடிக்கு ஒரு நிழல் என்று ஏகப்பட்ட அலங்காரம். என் பழைய கம்ப்யூட்டருக்கு அது தாங்கவில்லை. அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் ஆள், அகழிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிடுகிறான். திரை மறுபடி அசையும்போது சண்டை முடிந்து யாராவது செத்திருப்பார்கள். பெரும்பாலும் அது நான் இல்லை. சும்மா நிற்பவனை யாரும் அடிப்பதில்லை போலிருக்கிறது.

பக்கத்துக்கு ஐந்து பேர். எதிரியின் கோட்டைக்குள் புகுந்து கொடியை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்து சேர வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் என் மகள் குட்டி, அவளோடு பள்ளியில் படிக்கும் மூன்று பிள்ளைகள், ஐந்தாவதாக நான். நாற்பத்தாறு வயது லிஃப்ட் மெக்கானிக்.

"ரொம்ப நேரம் நின்னுட்டேனா குட்டி?"

"இல்லப்பா, இப்பத்தான்."

எப்போது கேட்டாலும் இதையேதான் சொல்கிறாள்.

ஜூன் 4, செவ்வாய்

பகல் முழுக்க ஒரு ஆஸ்பத்திரி லிஃப்டோடு மல்லுக்கட்டல். பிறகு ஒரு அடுக்குமாடி வீட்டிலிருந்து அழைப்பு, லிஃப்ட் செத்துப்போச்சு, உடனே வாங்க என்று. "மெயின் ஸ்விட்ச் போட்டிருக்கா?" என்று கேட்டேன். வழக்கம்போல அந்த ஆளுக்குக் கோபம். "அதுகூடத் தெரியாதா எங்களுக்கு?" போய்ப் பார்த்தால், வழக்கம்போல, போடவில்லை. குட்டி சின்னப்பிள்ளையாக இருந்தபோது இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் போலவே பேசிக் காட்டுவாள். "ஸ்விட்ச் போட்டிருக்கா சார்?" வீடே சிரிக்கும்.

அவளும் அவள் அம்மாவும் வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பிரிந்துவிடலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம், சண்டை போட்டு ஓய்ந்துபோன பிறகு. குட்டியை யாரும் கேட்கவில்லை. போனில் "சாப்டியா?" என்றால் "ம்". "படிச்சியா?" "ம்". "வெச்சிடட்டுமா?" "ம்". ஆனால் ஞாயிறு காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கோட்டைக்குள் இறங்கிவிட்டால் வாய் ஓயாது. "அப்பா, இடது பக்கம் வாங்க, குனிங்க குனிங்க, இந்தக் கணக்கு டீச்சர் இருக்காங்களே..." அம்பு பாய்கிற நடுவில் கணக்கு டீச்சர் கதையும் ஓடும். அந்த டீச்சரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய குடை முதற்கொண்டு எல்லாம் தெரியும்.

வாரத்தில் அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு மகள் இருக்கிறாள்.

ஜூன் 9, ஞாயிறு

குட்டி சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக நீக்கினேன். "நிழலை எடுத்துடுங்கப்பா. புல்லை எடுத்துடுங்க. மழையும் வேண்டாம்." கடைசியில் மொட்டையாக ஒரு கோட்டை, களிமண் உருண்டைபோல மனிதர்கள். குட்டி எது, தூண் எது என்று தெரியவில்லை. அப்படியும் பாலத்தருகே நின்றுபோனேன்.

தவளைத் தொப்பி போட்டு விளையாடும் பையன் ஒருவன் இருக்கிறான், எல்லோரும் அவனைத் தவளை என்றே கூப்பிடுகிறார்கள். ரொம்ப மரியாதையானவன். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தாலே விஷயம் புரிந்துவிடும். ஜூலையில் லீக் போட்டிகளாம். இந்த மாதக் கடைசிக்குள் ஐந்து பேரை முடிவு செய்து பதிய வேண்டுமாம். ஒரு ஆள் பாதி நேரம் சிலையாக நின்றால் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவார்களாம். எனக்குப் பதிலாக வர அவர்கள் வகுப்பிலேயே ஒரு பெண் தயாராக இருக்கிறாள்.

"அப்பா இல்லன்னா நானும் இல்ல" என்றாள் குட்டி.

சந்தோஷமாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிமிடம்தான். அப்புறம் அந்த மூன்று பிள்ளைகளின் நினைப்பு வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

குட்டியின் அம்மா கூப்பிட்டாள். நாங்கள் இப்போதெல்லாம் நன்றாகப் பேசிக்கொள்கிறோம், பக்கத்துப் பக்கத்து ஆபீஸ்காரர்கள் மாதிரி.

"புது ஸ்கூல்ல ரெண்டு வருஷமா ஒட்டாமயே இருந்தா. இப்பத்தான் அந்த மூணு பேரோட சேந்து வெளிய போறா, சிரிக்கறா. இப்ப லீக் வேண்டாம்னு சொல்லிட்டாளாம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் உங்கள விளையாடாதீங்கன்னு சொல்லல..."

"சொல்ல வேண்டாம். புரியுது."

நான் இருந்தால் அவளுக்குக் கூட்டாளிகள் போய்விடுவார்கள். நான் விலகினால் எனக்கு அவள் கொடுக்கும் "ம்" மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் நடுவில் ஒரே வழிதான் தெரிகிறது. நான் நிற்காமல் ஓட வேண்டும். அதற்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு என்றால் என்ன என்று எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். படம் வரைகிற வேலையைத் தனியாகச் செய்யும் பலகை. அது வேகமாக வரைந்தால் என் ஆள் ஓடுவான், வரைய முடியாமல் திணறினால் நிற்பான். வீடியோக்கள் பார்த்தேன். ஒருவன் இதை வாங்காதவன் முட்டாள் என்கிறான், அடுத்தவன் அதையே வாங்கினவன் முட்டாள் என்கிறான். எல்லாக் கார்டுக்கும் எண்களாலேயே பெயர். பெரிய எண் நல்லதா என்றால் அதுவும் இல்லையாம். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

அக்கா போனில்: "முழங்கால் வலிக்குதுன்னு புலம்பின. அதுக்கு ஒரு டாக்டரப் பாருடான்னா, கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாத்துட்டிருக்க."

ஜூன் 15, சனி

கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கல்லாவில் ஒரு அம்மா, மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஏதோ வயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"கேம் விளையாடறதுக்கா? பையனுக்கா?"

"எனக்கு."

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது. என் பெட்டி, மானிட்டர் விவரத்தையும் நான் நின்றுபோவதையும் சொல்லி, அங்கே இருந்ததிலேயே பெரியதாக, மூன்று விசிறி வைத்த ஒன்றைக் காட்டி அதுவா என்று கேட்டேன்.

"அதை வெச்சா உங்க பெட்டி மூடாது. மூடினாலும் உங்ககிட்ட இருக்கற பவர் சப்ளை படுத்துடும். உங்க மானிட்டரும் பழசு, செகண்டுக்கு அறுபது படத்துக்கு மேல காட்டாது. காட்டாத படத்துக்கு எதுக்கு சார் காசு?" பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஓடிட்டே இருந்து திடீர்னு நின்னு போறீங்கன்னா மெமரி பத்தல. வேகம் நடுத்தரமா இருந்தா போதும், மெமரி மட்டும் கூடுதலா இருக்கறதா பாத்துக்கங்க."

நாலு பேர் ஏறும் லிஃப்டுக்கு இருபது பேர் மோட்டாரை வைக்கச் சொல்லும் ஆட்களோடு தினமும் தொண்டை வறளப் பேசுகிறேன். அங்கே நானே அந்த ஆளாக நின்றுகொண்டிருந்தேன். அவர் எடுத்துக் கொடுத்ததையே வாங்கினேன். பழைய கார்டில் இருந்த மாதிரி திருகாணி வைத்த மானிட்டர் சொருகி இதில் இல்லை என்று புது வயர் ஒன்றும் கொடுத்தார்.

மத்தியானம் மாட்டினேன். பழைய கார்டைக் கழற்றியபோது உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான தூசி. துடைத்து, புதியதை அழுத்தி, திருகு போட்டு, பெட்டியை மேசைக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளினேன். முழங்கால் மடங்கவில்லை. குப்புறப் படுத்துக் கையை மட்டும் பின்னால் விட்டு, புது வயர் பொருந்துகிற ஓட்டையைத் தடவிப் பார்த்துச் சொருகினேன். படம் வந்தது. எழுந்திருக்கத்தான் நேரம் பிடித்தது.

ஜூன் 16, ஞாயிறு

முன்னைவிட மோசம்.

பாலம் வரைக்கும்கூடப் போகவில்லை. சொந்த வாசலிலேயே நின்றுபோனேன். தவளை, "புது கார்டா அங்கிள்?" என்றான். அவன் குரலில் இருந்த பரிதாபம் இருக்கிறதே...

ஜூன் 17, திங்கள்

வேலை முடிந்து மறுபடி கடைக்குப் போனேன். "டிரைவர் போட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. கார்டைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற மென்பொருளாம். போட்டிருந்தேன். இருந்தாலும் வீட்டுக்கு வந்து அழித்துவிட்டு மறுபடி போட்டேன். உபயோகமில்லை. "பெட்டியோட கொண்டாங்க, பாக்கலாம்" என்றிருக்கிறார். கொண்டுபோக வேண்டும். யார் தூக்குவது? எப்போது?

ஜூன் 19, புதன்

போதும். எனக்கு முடியல. காலைலேந்து ராத்திரி வரைக்கும் யாரோ ஒருத்தன் ஏறி இறங்கறதுக்காக ஓடறேன், வீட்டுக்கு வந்தா இது ஒண்ணு. நான் என்னத்துக்கு அந்தப் பிள்ளைங்க நடுவுல போய் நிக்கறேன்? எவனாவது கேட்டா சிரிப்பான்.

குட்டிக்குப் போன் செய்தேன். "லீக்ல அந்தப் பொண்ணைச் சேத்துக்கங்கடா. அப்பாவுக்கு வேலை அதிகமாயிடுச்சு" என்றேன்.

"ம்" என்றாள்.

ஜூன் 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 22, சனி

குட்டி வீடியோவில் கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

"அப்பா, கம்ப்யூட்டரோட பின்பக்கத்தைக் காட்டுங்க."

"எதுக்கு? எல்லாம் பாத்தாச்சு."

"வயரு சரியா சொருகியிருக்கா சார்?"

அதே குரல். அந்தச் சின்னப்பிள்ளைக் குரல். அப்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, சுருக்கென்றுதான் இருந்தது. "அதுகூடத் தெரியாதா எனக்கு? இருபது வருஷமா வயரோட குடும்பம் நடத்தறேன்" என்று சத்தம் போட்டுக்கொண்டேதான் பெட்டியை இழுத்தேன். இழுத்துத் திருப்பி வைத்து, போனை அதன் பக்கம் காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பா, கார்டு எங்க இருக்கு?"

"கீழ. இதோ, குறுக்கால படுத்திருக்கே."

"வயரு எங்க இருக்கு?"

வயர் மேலே இருந்தது. பெட்டிக்குள் இருக்கும் முக்கியப் பலகையான மதர்போர்டிலேயே இன்னொரு சொருகி இருக்கிறது, அச்சில் வார்த்தமாதிரி அதே வடிவத்தில். அதில் சொருகியிருக்கிறேன். கார்டு ஒரு வாரமாக வேலையில்லாமல் சும்மா படுத்துக் கிடந்திருக்கிறது. அதன் வாயில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைக்கூட நான் கழற்றவில்லை.

குட்டி சிரிக்க ஆரம்பித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள், போன் கையிலிருந்து நழுவி அவர்கள் வீட்டு விட்டம் தெரிந்தது. "அம்மா, இங்க வாயேன், அப்பா ஸ்விட்ச் போடலம்மா!" தூரத்தில் அவள் அம்மா சிரிக்கும் சத்தமும் கேட்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று.

அசடு வழிய வயரை மாற்றிச் சொருகினேன். பிறகு தரையிலேயே உட்கார்ந்து நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரிப்பினால்தான் என்று வைத்துக்கொள்வோம்.

"நாளைக்கு வாங்கப்பா" என்றாள். "அந்தப் பொண்ணுகிட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல."

ஜூன் 23, ஞாயிறு

மழை பெய்கிறது! புல் ஆடுகிறது. குட்டி தன் கவசத்தில் பூ வரைந்திருக்கிறாள், இத்தனை நாள் அதை நான் பார்த்ததே இல்லை.

பாலத்தைத் தாண்டினேன். நிற்கவில்லை. எண்ணெய் போட்ட கதவு மாதிரி ஓடினேன். எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த குட்டி சட்டென்று திரும்பி ஓடி வந்து, என் முன்னால் கேடயத்தை ஊன்றி நின்றாள். அம்பெல்லாம் அவள்மேல் விழுந்தது.

"என்னடா பண்ற? நான் நிக்கலையே."

"ஐயோ, பழக்கம்பா."

நான் விளங்காமல் விழித்தேன். தவளைதான் சொன்னான். "அங்கிள், நீங்க நின்னீங்கன்னா அவ அங்கயே நிப்பா. நீங்க அசையற வரைக்கும். இல்லன்னா உங்கள எப்பவோ காலி பண்ணிருப்பாங்க. பாதி நேரம் இவதான் செத்துப்போவா."

"சும்மா இருடா தவளை" என்றாள் குட்டி.

சும்மா நிற்பவனை யாரும் அடிப்பதில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

ஐந்து பெயரும் பதிவாகிவிட்டது. அந்தப் பெண்ணை மாற்று ஆட்டக்காரியாக வைத்திருக்கிறார்கள். நல்லது, முழங்கால் சொல்வதைக் கேட்காத நாளில் உதவும். தவளை என்னை "அங்கிள்" என்பதோடு "நல்லா ஓடுங்க" என்றும் சேர்த்துக்கொள்கிறான். டாக்டரையும் பார்த்தாயிற்று. படியேறாதீங்க என்கிறார், லிஃப்ட் மெக்கானிக்கிடம்.

ஜூலை 7, ஞாயிறு

லீக்கின் முதல் ஆட்டம். இரண்டு பக்கமும் சரிசமம். கடைசிக் கொடி என் கையில் இருந்தது. எங்கள் வாசல் கண்ணுக்குத் தெரிகிறது, வழியில் ஒருவரும் இல்லை. பத்து எட்டு வைத்தால் ஜெயித்துவிடுவோம்.

"அப்பா, வலது பக்க..." என்றது ஹெட்போன். அதோடு குரல் அறுந்துபோனது.

திரும்பிப் பார்த்தேன். பாலத்தின்மேல் குட்டி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டு நெட் போயிருக்க வேண்டும். எதிரிகள் மூன்று பேர் அவளை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

தவளை கத்தினான். "அங்கிள், கொடி! கொடி! வாசலுக்குப் போங்க!"

கொடியைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அவள் முன்னால் கேடயத்தை ஊன்றி நின்றேன். இவ்வளவு அடி வாங்குமா இந்தக் கேடயம் என்று இருந்தது. நின்றுகொண்டே இருந்தேன். எங்கள் கொடியை அவர்கள் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். நாங்கள் தோற்றதற்கான மணி அடித்தது, தவளை தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம்கூடக் கேட்டது. அதற்குப் பிறகுதான் குட்டியின் கால் தரையில் இறங்கியது.

"அப்பா? ரொம்ப நேரம் நின்னுட்டேனா?"

"இல்லடா" என்றேன். "இப்பத்தான்."