பூட்டிய கொட்டகையிலிருந்து அரைச் சுற்று

1979, ஐப்பசி, செவ்வாய் இரவு. சதுரங்கப்பட்டினம்.

சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. நான் கட்டிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் போர்டில் உயிரில்லை. ஆனால் மேஜைமேல் இருந்த ஸ்டெப்பர் மோட்டார் சுற்றியது.

காயலான் கடையில் கிடைத்த டேப் ரீடரிலிருந்து கழற்றிய ஜோடியில் ஒன்று. இன்னொன்று கொல்லைக் கொட்டகையில், லேத்தின் கைப்பிடித் தண்டில் மாட்டியிருக்கிறது. சோதனைக்காக இரண்டையும் நேராகக் கம்பியால் இணைத்திருந்தேன். அங்கே கையால் சுற்றினால் இங்கேயும் சுற்றும். கொட்டகை பூட்டியிருந்தது, சாவி என்னிடம்.

அரைச் சுற்று பின்னால், பிறகு ஒரு சுற்று முன்னால். லேத்தின் திருகு மரையில் இருக்கும் லூசு போக, கைப்பிடியை அப்படித் திருப்புகிறவர் தங்கச்சி புருஷன், மச்சான்தான். ஞாயிற்றுக்கிழமை கட்டுமரத்தில் கடலுக்குப் போன அவர் இன்னும் கரை திரும்பவில்லை.

தங்கச்சி பார்த்துவிட்டாள். "அண்ணா, அவரு வந்துட்டாரு! கொட்டாயில கீறாரு!" என்று ஓடினாள்.

திறந்தேன். யாருமில்லை. கைப்பிடியில் தூசிகூடக் கலையவில்லை.

"எலியா இருக்கும்மா" என்றேன்.

"எலி இன்னாத்துக்கு அரைச் சுத்து பின்னால போவுது?"

இப்போது விளக்கேற்றி மோட்டார் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கம்பியை அறுத்துவிடலாமென்று கட்டரை எடுத்தேன். முடியவில்லை. அறுத்தபின் அவர் அங்கே கைப்பிடியைச் சுற்றிக்கொண்டேயிருந்தால், இங்கே யாருக்குத் தெரியும்?