வெள்ளிக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, ஜெசி

எடி ஜெசி, என் செல்லச் சண்டைக்காரிக்கு,

மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து உட்காராதே. அதற்காக நான் எழுதவில்லை. நீ போய்ப் பதினான்கு மாதமாகிறது. உன் ஆண்டு நினைவுத் திருப்பலியும் முடிந்துவிட்டது. கோயிலில் எல்லோரும் உன்னைப் பற்றி நல்லதாகவே சொன்னார்கள். நான் மட்டும் கோபத்தோடு நின்றேன். அது இன்னும் ஆறவில்லை.

முதலில் என் புதினத்தைக் கேள். இப்போது ஹனோவரில் இருக்கிறேன், மூன்று மாதத்துக்கு. அதற்கு முன் டார்ம்ஸ்டாட், அதற்கும் முன் கடலோரத்தில் வாயில் நுழையாத பெயரோடு ஓர் ஊர். ஆள் பற்றாத வைத்தியசாலைகளுக்குத் தாதிகளை அனுப்புகிற அதே நிறுவனத்தில்தான் வேலை. நீ வைத்த பெயர்தான் இன்னும் எனக்கு: வாடகைத் தாதி. வுப்பர்டாலில் இருந்து அம்மா கிழமைக்கு ஒருமுறை தொலைபேசியில் அழுகிறார். "நாப்பது வயசிலையும் பெட்டியும் கையுமாத் திரியிறாய், சனம் என்ன கதைக்குது தெரியுமோ?" சனம் கதைக்கட்டும். பெட்டியைத் தூக்குவது சனம் இல்லையே.

அந்தப் பெட்டிக்குள் இடியப்ப உரல், அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூள், வேலைச் சப்பாத்து இரண்டு சோடி, என் சொந்தத் தலையணை உறை. டார்ம்ஸ்டாட்டில் போன முதல் நாளே கத்தரிக்காய் பொரித்தேன். புகை மணி அலறியது. மேல்வீட்டுக்காரர் அரைக்காற்சட்டையோடு ஓடி வந்தார். மறுநாள் அவருக்கு ஒரு கிண்ணம் கறி கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அந்த ஊரை விட்டுப் போகும்வரை கிழமைக்கு ஒருமுறை வந்து, ஏதாவது பொரிக்கிறீர்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

புது வார்ட்டில் போய் நின்றதும் மூன்று விஷயம் கேட்பேன். அவசர மருந்துத் தள்ளுவண்டி எங்கே, மருந்து அலுமாரிச் சாவி யாரிடம், எழுந்து நடந்தால் விழக்கூடியவர் எந்த அறையில். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கஷ்டமான அறைகளைப் புதிதாக வந்தவள் தலையில்தான் கட்டுவார்கள், எல்லா ஊரிலும் அது ஒன்றுதான். கட்டட்டும், செய்கிறேன். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடுவேன். வேலை முடிகிற நேரத்தில் சப்பாத்தைக் கழற்றுவேன். லீவு நாளில் கூப்பிட்டால் போகமாட்டேன். நிறுவனத்தில் கையெழுத்து வைக்கும்போதே இதைச் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன்.

கடைசிச் சட்டம் உன்னைப் பார்த்துப் போட்டது, ஜெசி.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒன்றாக அவுஸ்பில்டுங் என்கிற தாதிப் பயிற்சி முடித்து, வுப்பர்டாலில் ஒரே வைத்தியசாலையில், ஒரே வார்ட்டில் பதினாறு வருடம் வேலை செய்தவர்கள். லீவு நாளில் தொலைபேசி அடிக்கும். ஒருவருக்குச் சுகமில்லை, கொஞ்சம் வர முடியுமா என்பார்கள். அதற்கு இங்கே ஐன்ஸ்பிரிங்கன் என்று பெயர், இடையில் குதித்துக் கைகொடுப்பது. எங்கள் வார்ட்டில் குதிக்கிற ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் முதல் இலக்கம் உன்னுடையதுதான்.

உன் மகளின் முதல்நன்மை நாளன்று கேக் வெட்டி முடியமுதல் நீ சீருடை தேடியது ஞாபகம் இருக்கிறதா? நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "எடி, விடு. நான் போகாட்டி ஆர் போறது? அங்க ரெண்டு பேர்தான் நிக்கினம்" என்றாய். உன் புருஷன் அன்ரன் கார்ச் சாவியை எடுத்தான். அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

நான் வேலையை விட்ட அன்று உடைமாற்றும் அறையில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நீ ஓடிப் போறாய். நாங்கள் இஞ்ச கிடந்து மாயிறம். வாடகைக்குப் போறவளுக்கு நோயாளியின்ரை பெயர்கூடத் தெரியாது." அலுமாரிக் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாய். எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. உன்னைவிட ஆறு மாதம் இளையவள் என்பதால் நான்தான் இறங்கி வரவேண்டும் என்று எதிர்பார்த்தாயாக்கும். நானும் இறங்கவில்லை.

நீ சொன்னதில் பாதி உண்மை. நான் விட்டுவிட்டுத்தான் போனேன். என் பாரமும் சேர்ந்து உன் தோளில்தான் விழுந்தது. ஆனால் மற்றப் பாதி பொய்யடி. பெயர் எனக்குத் தெரியும். ஹனோவரில் பன்னிரண்டாம் அறைக் கிழவருக்குத் தேநீரில் மூன்று சீனி வேண்டும் என்பதும் தெரியும். களைத்து விழாதவளுக்குத்தான் இதெல்லாம் ஞாபகம் நிற்கும்.

நீ குடற்புற்றில் படுத்துவிட்டாய் என்று அன்ரன் அறிவித்தபோது அடுத்த ரயிலில் வைத்தியசாலைக்கு வந்தேன். நீ தலையணையில் இருந்து திரும்பிப் பார்த்தாய். பாதியாக இருந்தாய். "வாடகைக்கு வந்தனியோ, சொந்தமா வந்தனியோ?" என்று கேட்டாய். எட்டு மாதத்துச் சண்டை அந்த ஒரு கேள்வியில் முடிந்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், நீ அழவில்லை.

அங்கேயும் நீ திருந்தவில்லை. வலியில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய், அழைப்பு மணி கைக்கெட்டிய தூரத்தில் கிடந்தது. நான் அழுத்தப் போக, என் கையைப் பிடித்தாய். "அழுத்தாதை. இண்டைக்கு ஆள் குறைவு, பிள்ளையள் பாவங்கள்." உன் கையைத் தட்டிவிட்டு அழுத்தினேன். அதற்கு நீ என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

எல்லாம் முடிந்த பிறகுதான் அன்ரன் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கடிதத்தைக் காட்டினான். குடலுக்குள் கமெரா விட்டுப் பார்க்கக் குறித்துக் கொடுத்த நாள், இங்கே டெர்மின் என்பார்கள். திகதியை வெட்டி எழுதி, அதையும் வெட்டி எழுதி, பிறகு அதையும் வெட்டி எழுதியிருந்தது. "மூண்டு தரம் மாத்தினவ. ஒவ்வொரு தரமும் வார்ட்டில இருந்து கூப்பிட்டவை. வயித்து நோவுக்குக் குளிசை போட்டால் காணும் எண்டு சொல்லிப்போட்டுப் போயிடுவா." அவன் அந்தக் கடிதத்தை இன்னும் கழற்றவில்லை.

உன் சவ அடக்கத்துக்கு வார்ட்டில் இருந்து பூவளையம் வந்தது. நாடாவில், எப்போதும் வந்து கைகொடுத்தவளுக்கு நன்றி என்று பொன்னெழுத்தில் இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, மனசாரத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் எனக்குப் பற்றி எரிந்தது. யாரும் பார்க்காத நேரம் அந்த நாடாவை அவிழ்த்துச் சுருட்டி என் கைப்பைக்குள் வைத்தேன். வீட்டுக்குப் போய்க் குப்பையில் போட்டேன். செத்த வீட்டில் திருடியவள் என்று சொல்வாயா? சொல்லு.

இனி வெள்ளிக்கிழமைக் கதை. இரண்டு மாதத்துக்கு முன் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. போன வெள்ளி காலை ஒன்பதரைக்கு ஹனோவரில் பயாப்சி. வியாழன் பின்னேரம் தொலைபேசி அடித்தது. பழைய இலக்கம், எங்கள் வுப்பர்டால் வார்ட்டு. தலைமைத் தாதி லெம்கே அம்மாதான். இரண்டு பேர் படுத்துவிட்டார்களாம், நிறுவனத்தோடு தான் பேசிக்கொள்வாராம், காலை வேலைக்கு மட்டும் வர முடியுமா என்றார். எனக்கு ஒரு டெர்மின் இருக்கிறது என்றேன். அதை மாற்ற முடியாதா என்றார். மேசையில் கிடந்த டெர்மின் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார்: "ஜெசிந்தா இருந்திருந்தால் வந்திருப்பார்."

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். என் வாய் ஓம் சொல்ல வந்துவிட்டது. லெம்கே அம்மாவுக்காக அல்ல, உனக்காக. உன் இடத்தில் ஒரு காலை நின்று வேலை செய்தால், விட்டுப் போன குற்றம் கழியும் என்று ஒரு கணம் தோன்றியது. அதிகாலை ரயில் எத்தனை மணிக்கு என்றுகூட மனம் கணக்குப் போட்டது. ஒன்பதரையை அடுத்த மாதத்துக்கு மாற்றினால் என்ன, கட்டி எங்கே ஓடிப் போகிறது என்றும் நினைத்தேன். நீயும் இப்படித்தான் நினைத்திருப்பாய். மூன்று தரமும்.

"ஓம், ஜெசிந்தா வந்திருப்பாள். அதனால்தான் அவள் இல்லை. நான் வரமாட்டேன்" என்று சொன்னேன். பிறகு லெம்கே அம்மா மெதுவாக, "போய் வாருங்கள், வதனி" என்றார். குரல் உடைந்திருந்தது. வெள்ளி காலை அந்த வார்ட்டில் எவளோ ஒருத்தி இரண்டு பேருடைய வேலையை இழுத்திருப்பாள், அது எனக்குத் தெரியும். ஆள் போதாத குறையை என் உடம்பால் அடைக்க ஏலாது, ஜெசி. உன்னுடையதாலும் அடைபடவில்லையே.

முடிவு நேற்று வந்தது. கெட்டதுதான். ஆனால் சின்னது, பரவவில்லை, நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர். இன்னும் அரை வருடம் விட்டிருந்தால் வேறு கதை என்றும் சொன்னார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. புதன்கிழமை சத்திரசிகிச்சை. நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டேன், அம்மாவுக்கும் சொல்லிவிட்டேன். அம்மா அழுது முடித்து, "சுகமாகி இஞ்சயே ஒரு நிரந்தர வேலை எடுவன்" என்று தொடங்கினார். சுகமாகிப் பெட்டியைத்தான் எடுப்பேன் என்றேன். அடுத்து எந்த ஊர் என்று இன்னும் தெரியாது, தெரியாமல் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

உனக்கு அங்கே என்னைத் தேடும். எனக்கும் இங்கே உன்னைத் தேடுகிறது, வேலை முடிந்து சப்பாத்துக் கழற்றுகிற ஒவ்வொரு நேரமும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். "எடி, இஞ்ச தனிய நிக்கிறன், ஒருக்கா வாவன்" என்று நீயே கூப்பிட்டாலும் நான் வரமாட்டேன்.

எனக்கு ஏலாது.

உன்னோடு பிறக்காத, உன் பின்னால் வராத தங்கச்சி,
வதனி