ஒரு சொட்டு அரபு அத்தர்

என்னங்க,

பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. சாப்பாடு அடுப்பின் மேல் மூடி வைத்திருக்கிறேன், சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

"நான் விக்கிற சென்ட் ஸ்பிரேக்கு முன்னாடி உன் அரபு அத்தர் எடுபடாது, கடையை மூடு" என்று நேற்று குதித்தீர்களே. இன்று காலை என் கடைக்கு ஒரு அம்மா வந்தார். "மால்ல ஸ்பிரே விக்கிறவர் கையில அப்படி ஒரு மணம். என்னன்னு கேட்டேன். 'இது இங்க கிடைக்காதுங்க, என் வீட்டுக்காரி கடைக்குப் போங்க'ன்னார்" என்றார்.

வீட்டில் ஒரு பேச்சு, வெளியே ஒரு பேச்சு! கடையை மூடுவதாக இல்லை; மதியச் சாப்பாடு முடிந்தது, திறக்கத்தான் மறுபடி போகிறேன்.

பி.கு.: துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் என் அத்தர் குப்பி காலியாகக் கிடந்தது. நிரப்பி மேசைமேல் வைத்திருக்கிறேன். இனி திருடாமல் கேட்டு வாங்குங்கள். கேட்டால் பேசுவேன்.