ஆய்வாளரின் வலது ஷூ புதைந்த வண்டல் திடல் குறித்து

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரி,
பள்ளிக்கூடத் தெரு, ஏரிக்கரை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
ஏரிப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: தூர்வாரிய வண்டலை எங்கள் தெருத் திடலில் கொட்டியது – "தரை உறுதி" என்ற தங்கள் பதில் – அகற்றக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏரியைத் தூர்வாரிய தங்கள் அலுவலகம், அந்த வண்டலைக் குழாய் வைத்து எங்கள் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவிலுள்ள திடலில் இறைத்து நிரப்பியது. ஏரி சுத்தமாகிவிட்டது, பத்திரிகையில் வந்த படங்களில் தாங்களும் சிரித்த முகமாக இருந்தீர்கள். மாவு போன்ற அந்த வண்டல் மேலே காய்ந்து, பார்க்கத் தரை போலவே இருக்கிறது. உள்ளே இன்னும் கூழ். சுற்றுப்பாதையும் அதற்குள் போய்விட்டதால் பிள்ளைகள் அதன் மேல்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள்.

2. இதுபற்றி நாங்கள் கொடுத்த முதல் மனுவைப் பார்த்துத் தங்கள் ஆய்வாளர் வந்தார். ஓரமாக நிற்கச் சொன்னோம். பெரிய அதிகாரி, எங்கள் பேச்சைக் கேட்பாரா? நடுவே நடந்து போனார். இடுப்பு வரை இறங்கிய பிறகும், "ஒண்ணும் இல்லம்மா, கால் லேசா வழுக்கிடுச்சு, அவ்வளவுதான்" என்றார். என் கணவரும் கடையில் இஸ்திரி போடுகிற தம்பியும் மேசைப் பலகையைக் கழற்றிப் போட்டு அவரை இழுத்தெடுத்தார்கள். கால்சட்டையை நான்தான் அலசினேன். அது காயும்வரை போர்வையைச் சுற்றிக்கொண்டு எங்கள் கடையில் தேநீர் குடித்தார்.

3. பிறகு தங்கள் பதில் வந்தது: "நேரில் ஆய்வு செய்யப்பட்டது. தரை உறுதியாக உள்ளது." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். போன திங்கட்கிழமை என் இளைய மகள் அதே இடத்தில் மார்பு வரை இறங்கினாள். முதுகிலிருந்த புத்தகப்பை தாங்கிக்கொண்டது; தற்செயலாக அந்தப் பக்கம் வந்த பால்காரர் இழுத்துப் போட்டார். எனக்குத் தூக்கம் போய்விட்டது. தங்களுக்கு நன்றாக வருகிறது என்று நம்புகிறேன்.

4. ஆகவே வண்டலை அகற்றும்படியும், அதுவரை வேலி போட்டு மாற்று வழி அமைத்துத் தரும்படியும் கேட்டுக்கொள்கிறேன். முடியாதென்றால், உறுதி என்று எழுதியவரையே நாளை பள்ளி மணி அடிக்கும் முன் அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் அவர் நடக்கட்டும். அவருடைய வலது ஷூவும் அங்கேதான் இருக்கிறது, தேடிக்கொள்ளலாம். அவர் இறங்கிய அன்று நாங்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றிருந்தோம். பிள்ளைகள் போகிற நேரத்தில் நாங்கள் வேலையில் இருப்போம்.

இடம்: திடலின் இக்கரை
நாள்: மழைக்கு முந்தைய வாரம்

தங்கள் பதிலை இனி நம்பாத,
சலவைக் கடைக்காரி
(கையொப்பம்)