கோரைப்பல் காத்திருக்காது

அன்புள்ள என்னவருக்கு,

நம் குட்டி வாலுவும் நானும் நலம். போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். பத்து நாளில் உங்கள் கப்பலுக்கு வந்து சேரும் என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குத் தாடை ஸ்கேன் எடுத்தோம். தாடையை ஒரு தாங்கியில் வைத்து அசையாமல் நிற்க வேண்டும். இயந்திரம் தலையைச் சுற்றி வரும். முதல் படம் கலங்கிப்போயிற்று. குடிக்கும்போது தண்ணீர் மூக்கில் ஏறாமலிருக்க, ஈறுப் பிளவை நாக்கு நுனியால் அடைத்துக்கொள்வாளே, பயத்தில் அதையே செய்து தாடையை அசைத்துவிட்டாள். படம் எடுப்பவர் பொறுமைசாலி. “கண்ணு, உன் நாக்குக்கு இருபது விநாடி லீவு குடு” என்றார். அவள் சிரித்து முடித்ததும் இரண்டாவது படம் தெளிவாக வந்தது.

டாக்டரம்மா அவள் தாடையைத் திரையில், பழத்தைத் திருப்பிப் பார்ப்பதுபோல் எல்லாப் பக்கமும் திருப்பிக் காட்டினார். பிறவியில் பிளந்திருந்த உதட்டைக் கைக்குழந்தையிலேயே தைத்துவிட்டோம். ஆனால் ஈறுக்குள் எலும்பு சேரவே இல்லை. அந்த இடைவெளியை அளந்து, இடுப்பெலும்பிலிருந்து எவ்வளவு எடுத்து நிரப்ப வேண்டும் என்று குறித்துக்கொண்டார். பிறகு அதற்கு மேலே ஒரு பல்லைக் காட்டினார். கோரைப்பல். வேர் பாதி வளர்ந்திருக்கிறது.

நீங்கள் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை பொறுக்கலாமா என்று கேட்டேன். “இப்ப எலும்பு வச்சா பல்லு அதுக்குள்ள இறங்கி நிக்கும். ஆறு மாசம் போனா வெறும் குழியிலதான் இறங்கும். அவர் வர்றப்ப வரட்டும்மா, பல்லு காத்திருக்காதே” என்றார்.

“நான் வரும்வரை எதுவும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். ஆனாலும் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் இருபத்துநாலாம் தேதி காலை அறுவை சிகிச்சை. கோபம் இருந்தால் அதற்குப் பிறகு காட்டுங்கள்.

இன்னொன்றும் நடந்துவிட்டது. வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று டாக்டரம்மா கேட்டார். யோசிக்காமல், “இவ அப்பாவுக்கு” என்று சொல்லிவிட்டேன். வாலு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வருடமாக நீங்கள் மீசைக்குள் மறைத்து வைத்திருந்ததை ஒரு நொடியில் கொட்டிவிட்டேன்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு, “அப்பாவுக்கும் தையல் இருக்கா? எனக்கு ஏன் காட்டல?” என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் முந்தானையைப் பிடித்து இழுத்து, “எனக்கு மீசை வளராதும்மா. நான் எதை வச்சு மறைக்கிறது?” என்றாள்.

இந்தக் கேள்விக்கான பதில் உங்களிடம் இருக்கிறது. மீசையை எடுத்துவிட்டு, உங்கள் முகத்தை ஒரு படம் எடுத்து, அந்தத் தேதிக்கு முன்னால் அவளுக்கு அனுப்புங்கள். மீசை மறுபடியும் வளர்ந்துவிடும்.

கடல் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் படத்துக்காகக் காத்திருக்கும்,
வாலுவின் அம்மா