கடலுக்குப் போன பந்து

வெள்ளவத்தை,
27.7.1946

அன்புள்ள பலீல்,

நலமா என்று உன்னைக் கேட்கப் போவதில்லை. உதைபந்தாட்ட லீக்கின் மூன்றாம் பிரிவில் எங்கள் கழகத்தோடு சமபுள்ளியில் நிற்கிற கழகத்தை நடத்துகிறவனுக்கு என்ன குறை? கொட்டாஞ்சேனைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தபோதும் நீ இப்படித்தான் என்னை முட்டிக்கொண்டே இருப்பாய்.

கடைசி ஆட்டத்துக்கு லீக் கமிட்டி தேதி வைத்துவிட்டது. ஆகஸ்ட் பத்து, எங்கள் மைதானத்தில். வெல்பவர் இரண்டாம் பிரிவுக்குப் போவார். ஆனால் அன்றைக்குத்தான் ஆடிவேல் விழாவின் முருகன் இரதம் காலிக்குப் போகும் வீதியால் வருகிறது. என் ஆட்டக்காரர் எல்லோரும் வடம் பிடிக்கிறவர்கள். "சாமியை நடுறோட்டில விட்டிட்டுப் பந்தடிக்கச் சொல்லுறியளோ, அண்ணை?" என்று காப்டன் தியாகராசா கேட்கிறான். உங்களுக்கும் நோன்பு மாதம். தேதியை மாற்றச் சொல்லிப் போய்க் கதைத்தேன். அவர்கள் அசையவில்லை.

ஆகையால் நாங்கள் வரமாட்டோம். உன் ஆட்கள் வந்து நின்றால் போதும், வெற்றி உங்களுக்கு. பதினொரு வருடமாக நீ தூக்கத்திலும் இரண்டாம் பிரிவு என்றுதான் புலம்புகிறாயாம். உன் மனைவி றமீலா என் மனைவி பத்மாவதியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறா. போய்த் தொலை. வயிற்றெரிச்சலோடு வாழ்த்துகிறேன்.

உன்
சண்முகலிங்கம்

கொட்டாஞ்சேனை,
31.7.1946

அன்பு நண்பன் சண்முகத்துக்கு,

அல்லாஹ்வின் அருளால் நாங்கள் நலம். உன் கோபமும் குறைய துஆச் செய்கிறேன்.

இரண்டாம் பிரிவில் எனக்கு எவ்வளவு ஆசை என்று ஊருக்கே தெரியும். அதற்காக, நீங்கள் சாமி கும்பிடுகிற நேரம் பார்த்துப் பின்கதவால் நுழைவேனா? எங்கள் ஆட்டக்காரன் ஸமீமிடம் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "சும்மா கெடக்கிறத எடுத்திட்டு, அவங்கட மொகத்த எப்பிடிப் பாக்கிற, பலீல் நானா?" என்றான்.

நீ நிம்மதியாக வடம் பிடி. பத்தாம் தேதியை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு மேல் கேட்காதே.

பத்மாவதிக்கு என் சலாம். நோன்புக் கஞ்சி அனுப்புவோம், நீ ஒருவனே குடித்து முடித்துவிடாதே.

இப்படிக்கு
பலீல்

வெள்ளவத்தை,
11.8.1946

அடே பலீல்,

நீ செய்த வேலைக்கு உன்னை என்ன செய்தால் தகும்?

நீ பார்த்துக்கொள்கிறேன் என்றதும், நோன்போடு பிள்ளைகளைக் கூட்டிவந்து எங்களுக்காக வெயிலில் காத்து நிற்பாய் என்று நினைத்துவிட்டேன். அவர்களை அப்படி நிற்க விட மனம் கேட்கவில்லை. இரதம் பம்பலப்பிட்டியில் தரித்த நேரம் தியாகராசாவைக் கெஞ்சினேன். பதினொருவரும் வேட்டியை மடித்துக் கட்டி, திருநீறும் சந்தனமுமாக ஓடினார்கள். பின்னால் நான், பந்தோடு. மைதானத்தில் விசிலோடு றெபரி பேர்னாட் மட்டும் நிற்கிறான். உன் ஆட்களில் ஒரு குஞ்சையும் காணவில்லை!

அப்போதுதான் விளங்கியது. இரண்டு பக்கமும் வராவிட்டால் ஆட்டத்தை வேறு நாள் வைக்க வேண்டும் என்பது விதி. அதை நம்பி எல்லோரையும் வீட்டில் இருத்திவிட்டாய். நாங்கள் வந்து அதைக் கெடுத்துவிட்டோம்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் மாஸ்டர், பிறகு நீங்கதான் வின்" என்றான் பேர்னாட். என் பிள்ளைகள் துள்ளுகிறார்கள். எனக்கு அழுகை வந்தது, பலீல். எங்களை நம்பி நீ வராமல் இருந்ததற்கு இதுதானா பலன்?

சொந்த மைதானக்காரர் பந்து கொண்டுவராவிட்டால் அவர்களும் வராத கணக்குத்தான். அதுவும் விதி. பந்தைக் கீழே வைத்தேன். நான் உதைத்த பந்து ஒருநாளும் நேராகப் போனதில்லை என்று சொல்வாயே, நேற்றுப் போனது. தென்னைக்கு மேலால், றெயில் பாதைக்கு மேலால், நேரே கடலுக்குள்.

பேர்னாட் விசிலை வாயில் வைத்தபடி நின்றான். "பந்து எங்க மாஸ்டர்?"

"எங்களிட்டை ஏது பந்து?" என்றேன்.

தியாகராசா என்னை முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சரி அண்ணை. பெருநாள் முடியட்டும், அவங்களை அடிச்சே மேல போவம்." இரண்டு பக்கமும் வரவில்லை என்று பேர்னாட் எழுதிக்கொண்டான். நாங்கள் வடம் பிடிக்கத் திரும்பி ஓடினோம்.

கஞ்சி நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் அனுப்பினால் உன்னை மன்னிப்பேன்.

சண்முகம்

கொட்டாஞ்சேனை,
15.1.1947

என் அன்புச் சண்முகத்துக்கு,

பத்மாவதி தந்துவிட்ட பொங்கல் கிடைத்தது. கொண்டுவந்த ஸமீம் வழியிலேயே பாதியை முடித்துவிட்டான்.

பெருநாளுக்குப் பிறகு இரண்டுக்கு ஒன்று என்று உங்களை வென்ற அன்று, தோற்ற நீதான் முதலில் ஓடிவந்து என்னைத் தூக்கினாய். இப்போது முதுகு நோகிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாயாம். நான் அவ்வளவு பாரமில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லையடா.

சனிக்கிழமை இரண்டாம் பிரிவில் எங்கள் முதல் ஆட்டம், எங்கள் மைதானத்தில். என்னிடம் ஒரு பந்து இருக்கிறது. தெஹிவளையில் ஒரு மீன்காரனின் வலையில் அகப்பட்டதாம். அதில் உங்கள் கழகத்தின் பெயரைக் கண்டு பேர்னாட் வாங்கிவந்து தந்தான். காயவைத்து, தையல் போட்டு, தேங்காயெண்ணெய் பூசினேன். இருந்தும் ஒரு பக்கம் வீங்கி மாம்பழம் மாதிரி இருக்கிறது. இதை வைத்து விளையாட முடியாது என்று பேர்னாட் சொல்லிவிட்டான். அதனால் ஆட்டத்துக்கு வேறு பந்து வாங்கியாயிற்று.

ஆனால் ஆட்டம் தொடங்க முன் இந்தப் பந்தை ஒரு முறை உதைத்துத் தொடக்கி வைக்க ஆள் வேண்டும். பெரிய மனிதர் யாரையாவது அழைக்கச் சொல்கிறார்கள் எங்கள் கழகத்தார். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நாலு மணிக்கு முன் வந்துவிடு. எங்கள் மைதானத்தைச் சுற்றி மதில் இருக்கிறது, பயமில்லாமல் உதைக்கலாம்.

என்றும் உன்
பலீல்