ஏமாந்தவர் பட்டியல்

மார்ச் 4

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன குறைச்சல். மெயிலில் எழுதினால் அதையும் சோதனை செய்வாயோ என்னவோ, அதனால்தான் காகிதம்.

அரசாங்கத்தின் இணையப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தலைவி ஆனாய். ஊழியர்களைச் சோதிக்கப் போலி மெயில் அனுப்பினாய். சரி. "இடமாற்றப் பட்டியலில் உங்கள் பெயர் வந்துள்ளது, இங்கே அழுத்தவும்." இந்தத் தூண்டிலை உனக்கு யார் கொடுத்தது? மூன்று வருஷமாக இடமாற்றத்துக்கு அலைகிறேன் என்று உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் புலம்பியவன் நான்தானே!

ஆஸ்பத்திரி வேலையை விட முடியாமல் வெளியூரில் குழந்தையோடு தனியாகக் கிடக்கும் என் மனைவிக்குத்தான் முதலில் போன் செய்தேன். குட்டி உடனே தன் அலமாரியின் கீழ்த்தட்டைக் காலி செய்து, "இது அப்பா சட்டைக்கு"ன்னு சொன்னாளாம். அப்புறம்தான் அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் "ஏமாந்துவிட்டீர்கள்" என்று வந்தது. மறுநாள் எங்கள் வாகனப் பதிவு அலுவலகத்துப் பலகையில் ஏமாந்தவர் பட்டியல். ஒருவழியாக ஒரு பட்டியலில் என் பெயர் வந்துவிட்டது.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பி,

கோபம் வந்தால் வார்த்தையை அள்ளிக் கொட்டும் புத்தி உனக்கு இன்னும் போகவில்லை. ஆமாம், நீ மேசையில் சொன்னதிலிருந்துதான் எடுத்தேன். திருடனும் உனக்கு எது வேண்டுமோ அதைத்தான் காட்டுவான். நாலாயிரம் பேரில் அறுநூறு பேர் விழுந்தீர்கள். பலகையில் ஒட்டச் சொன்னதும் நான்தான். வெட்கப்பட்டால்தான் உறைக்கும்.

பதினோரு பேர் பார்க்க வேண்டிய வேலையை மூன்று பேரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன். பயிற்சி கொடுத்த கையோடு தனியார் கம்பெனிக்கு ஓடிவிடுகிறார்கள். மேலே கேட்டால், "ஆள் எடுக்கறோம், பொறுங்க"ன்னு ஒரே பாட்டு. அதுவரை நீங்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சந்தேகமான மெயிலைத் திறக்காதே. எங்களுக்கு அனுப்பு, போன் செய்து சரிபார், பதில் வரும்வரை தொடாதே. இனியாவது கற்றுக்கொள்.

அக்கா

ஏப்ரல் 22

அக்கா,

கற்றுக்கொண்டேன்.

ஏப்ரல் 6 அன்று ஒரு மெயில். தலைப்பு: "இடமாற்ற ஆணை. பத்து நாட்களுக்குள் சம்மதம் தெரிவிக்கவும்." திறக்கவில்லை. உன் பிரிவுக்கு அனுப்பினேன். "என்ன, இந்தத் தடவை விழலயா?"ன்னு பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். உங்கள் பிரிவுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்க ஆளில்லை. உன் சொந்த எண்ணுக்குச் செய்ய மனசு வரவில்லை.

நேற்றுதான் பதில் அனுப்பினீர்கள்: "இது உண்மையான மெயில். தாராளமாகத் திறக்கலாம்." திறந்தேன். கெடு முடிந்து ஐந்து நாளாகிவிட்டது. இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது.

குட்டிக்கு இதை யார் சொல்வது? நீ சொல்கிறாயா?

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

இடமாற்றப் பிரிவில் போய் நின்று கெஞ்சினேன். "கெடு முடிஞ்சா முடிஞ்சதுதாம்மா"ன்னு சொல்லிவிட்டார்கள்.

ஒன்றை மறைக்க முடியாது. அந்த மெயில்களைப் பார்க்கும் பெண் முதல் தேதியே வேலையை விட்டுப் போய்விட்டாள். அவள் வேலையையும் நான்தான் பார்த்தேன். ஏப்ரல் 9 அன்றே உன் பெயரைப் பார்த்தேன். இன்னொரு சண்டையாக இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தேன். தப்பு என்னுடையது.

அந்த ஆணை நூற்றுப்பத்து பேருக்குப் போனது. விதிப்படி நடந்தவன் நீ ஒருத்தன்தான். என் பிரிவுக்கு வந்துவிடு. உன்னைப் போன்ற ஆள்தான் எனக்கு வேண்டும். இரண்டு வருஷம் இங்கே இரு, பிறகு உன் இடமாற்றத்துக்கு நானே எழுதுகிறேன்.

உன் அக்கா

மே 6

பெறுநர்: தலைவர், இணையப் பாதுகாப்புப் பிரிவு

அம்மையீர்,

பொருள்: தங்கள் பிரிவில் பணி – ஏற்க மறுப்பது.
பார்வை: தங்களின் ஏப்ரல் 29 கடிதம்.

மேற்படி பணியில் சேர எனக்கு விருப்பமில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் என் மகள் மறுபடி தன் பொம்மைகளை அடுக்கிவிட்டாள் என்பதும் தங்கள் தகவலுக்காகத் தெரிவிக்கப்படுகிறது.

இதை எழுதியது உங்கள் தம்பிதானா என்று சந்தேகம் வந்தால், போன் செய்து சரிபார்க்க வேண்டாம்.

இங்ஙனம்,
எழுத்தர்,
வாகனப் பதிவு அலுவலகம்